நீலக் குளத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கறுத்த பாறைகளுக்கு நடுவே பால் கலந்தது போல ஒரு நீலக் குளம். மேலே ஆவி. கழுத்தளவு நீரில், முகத்தில் வெள்ளைச் சேறு பூசிக்கொண்டு மனிதர்கள். ஐஸ்லாந்துக்குப் போய் வந்தவர்களின் படங்களில் இப்படி ஒன்றாவது இருக்கும். அந்த இடத்தின் பெயர் ப்ளூ லகூன்.

எங்கள் உறவுக்காரப் பையன் எடுத்த படம் ஒருநாள் வீட்டில் கைமாறியது. "அடியில எரிமலை கொதிக்குது, அதான் தண்ணி சூடா இருக்கு" என்றார் சித்தப்பா. "ஏதோ சாயம் போட்டிருப்பாங்க, இல்லாட்டி இந்த நீலம் எப்படி வரும்?" என்று கேட்டார் சித்தி. போய் வந்த பையனோ, "இல்ல சித்தி, அது இயற்கையான வெந்நீரூற்று, ஆயிரம் வருஷமா இருக்கு" என்றான்.

மூன்றுமே சரியில்லை. அந்தக் குளத்தின் வயது ஏறக்குறைய அரை நூற்றாண்டுதான். அது உருவானது ஒரு மின்நிலையத்தால். எரிமலைக் குழம்பு அந்தத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. சாயமும் கிடையாது. இதையெல்லாம் சொன்னதும் பையனின் முகம் வாடிவிட்டது, ஏதோ ஏமாந்துவிட்டது போல. அதனால்தான் இதை எழுதுகிறேன். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் குளம் இன்னும் அழகாகத் தெரியும். இயற்பியல் படித்திருக்க வேண்டாம். தோசைக்கல்லும் குக்கரும் சர்க்கரைப் பாகும் தெரிந்தால் போதும்.

பூமிக்குள் இருக்கும் சூடு

நிலத்தைத் தோண்டிக்கொண்டே போனால் சூடு ஏறும். உலகின் பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை கூடும். பூமி உருவான காலத்து வெப்பத்தின் மிச்சமும், பாறைகளிலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் மெல்லச் சிதைவதால் வரும் வெப்பமும் சேர்ந்த சூடு இது. இதைத்தான் புவிவெப்பம் என்கிறோம்.

ஆகவே வெந்நீரூற்றுக்கு எரிமலை கட்டாயம் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, வேறொரு வெடிப்பு வழியே மேலே வந்தால் அது வெந்நீரூற்று. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இலங்கையில் எரிமலையே கிடையாது.

ஐஸ்லாந்தின் நிலைமை வேறு. பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. அவற்றுக்குப் புவித்தட்டுகள் என்று பெயர். வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் கோட்டின் மேல் ஐஸ்லாந்து உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகல். ப்ளூ லகூன் தோன்றிய காலத்திலிருந்து இன்று வரை கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர். விலகும் இடத்தில் அடியிலிருந்து உருகிய பாறை மேலேறி வருகிறது. நிலத்துக்குள் இருக்கும் வரை அதை மாக்மா என்பார்கள், வெளியே வழிந்துவிட்டால் லாவா. இதனால் ஐஸ்லாந்தில் மற்ற இடங்களைவிட மிகக் குறைந்த ஆழத்திலேயே கடும் சூடு கிடைக்கிறது.

அப்படியானால் சித்தப்பா சொன்னது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் தோசைக்கல் வருகிறது. அடுப்புத் தீ கல்லைச் சுட வைக்கிறது, கல் தோசையை வேக வைக்கிறது. தீ தோசையைத் தொடுவதில்லை. அதேபோல ஆழத்திலுள்ள மாக்மா பாறையைச் சூடாக்குகிறது, அந்தப் பாறை தன் வெடிப்புகளில் நிற்கும் நீரைச் சூடாக்குகிறது. நீருக்கும் மாக்மாவுக்கும் நடுவே கனத்த பாறை இருக்கிறது. "எரிமலைத் தண்ணீர்" என்ற பேச்சில் விட்டுப்போவது நடுவிலுள்ள இந்தக் கல்தான்.

240 டிகிரியில் கொதிக்காத தண்ணீர்

ப்ளூ லகூன் இருப்பது ஐஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில், ரேக்யனெஸ் தீபகற்பத்தில். மூன்று பக்கமும் கடல். அங்கே நிலம் எல்லாம் லாவா உறைந்து உருவானது; இட்லி போலத் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. கடல்நீர் பக்கவாட்டில் கசிந்து உள்ளே வருகிறது, மழைநீரும் பனிநீரும் மேலிருந்து இறங்குகின்றன. இரண்டும் கலந்து ஆழத்தில் சூடேறுகின்றன. ஸ்வார்ட்செங்கி என்ற இடத்தில் இந்தக் கலவையின் வெப்பம் ஏறக்குறைய 240 டிகிரி. அதில் மூன்றில் இரண்டு பங்கு கடல்நீர், மீதி நன்னீர். ஐஸ்லாந்து மொழியில் ஸ்வார்ட்செங்கி என்றால் கறுப்புப் புல்வெளி.

நூறு டிகிரியில் கொதித்துவிடும் தண்ணீர் 240 டிகிரியில் எப்படித் தண்ணீராகவே இருக்கிறது? நம் வீட்டுக் குக்கரில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. மூடி இறுக்கி வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கொதிக்கும் புள்ளியும் ஏறும். குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை போவதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. நிலத்துக்கடியில் மூடியும் வெயிட்டும் மேலே நிற்கும் நீரின் கனம்தான். ஒரு கிலோமீட்டர் உயர நீரின் எடை அழுத்தும்போது 240 டிகிரியிலும் கொதிக்க வழியில்லை.

அங்கே ஆழ்துளைக் கிணறு இறக்கினால் குக்கரின் வெயிட்டைத் திடீரென்று தூக்கிய மாதிரிதான். நீர் மேலேறும்போது அழுத்தம் குறைகிறது, ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிறது. அந்த ஆவியின் வேகத்தில் டர்பைன் சுழன்று மின்சாரம் எடுக்கிறார்கள். டர்பைன் என்பது நீராவி மோதிச் சுழலும் பெரிய இறக்கைச் சக்கரம், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மாக்மா பாறையைச் சூடாக்குகிறது, பாறை உப்புநீரைச் சூடாக்குகிறது, அழுத்தம் அதைக் கொதிக்க விடாமல் வைத்திருக்கிறது, கிணறு அதை மேலே விடுகிறது. குளம் இன்னும் வரவில்லை.

வீடுகளுக்குப் போகும் சூடு

ஐஸ்லாந்தின் மின்சாரம் முழுவதும் எரிமலையிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய 70 சதவீதம் ஆறுகளிலிருந்து கிடைக்கும் நீர்மின்சாரம், மீதிதான் புவிவெப்பம். வீட்டைக் கதகதப்பாக வைப்பதில்தான் புவிவெப்பம் ராஜா. பத்தில் ஒன்பது வீடுகள் அதனால்தான் சூடாகின்றன. 1930இல் தலைநகர் ரேக்யவிக்கில், முன்பு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த வெந்நீரூற்றிலிருந்து குழாய் போட்டு ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் சூடு கொடுத்ததில் இது தொடங்கியது. ரேக்யவிக் என்ற பெயருக்கே புகை விரிகுடா என்றுதான் பொருள். முதலில் வந்து குடியேறியவர்கள் கண்ட அந்தப் புகை வெந்நீரூற்றுகளின் ஆவி என்பார்கள்.

ஸ்வார்ட்செங்கி மின்நிலையம் 1976இல் தொடங்கியது. அங்கு ஒரு சிக்கல் இருந்தது. மேலே வந்த நீர் உப்பு, கனிமம் நிறைந்தது. அதை நேரே வீட்டுக் குழாயில் விட்டால் குழாய் அடைத்துவிடும். உப்பு கூடிய போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டருக்குள் வெள்ளையாகப் படிவு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். அதனால் வேறு வழி எடுத்தார்கள். குழந்தையின் பால் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவோம் அல்லவா? சூடு பாலுக்குப் போகும், வெந்நீர் பாலோடு கலக்காது. அதே முறையில் சூடான ஆவி, உப்புநீர் ஆகியவற்றின் வெப்பத்தை மட்டும் குளிர்ந்த நன்னீருக்கு மாற்றி, அந்த நன்னீரைத் தீபகற்பத்தின் ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். இப்படிக் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் கருவிக்கு வெப்பப் பரிமாற்றி என்று பெயர்.

மின்சாரம் எடுத்தாகிவிட்டது, வீட்டுக்குச் சூடும் எடுத்தாகிவிட்டது. மிஞ்சிய வெதுவெதுப்பான உப்புநீரை என்ன செய்வது?

தானாகத் தேங்கிய குளம்

பக்கத்தில் கிடந்த லாவா வெளியில் விட்டார்கள். அது 1226ஆம் ஆண்டு எரிமலை வெடிப்பில் உருவான வெளி. துளை நிறைந்த பாறை, விட்ட தண்ணீர் கசிந்து இறங்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. முதலில் அப்படித்தான் இறங்கியது. ஆனால் நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல வெள்ளைச் சேறாகப் படிந்து பாறையின் துளைகளை அடைக்கத் தொடங்கியது. சிலிக்கா வேறொன்றும் இல்லை, மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பொருள்தான். துளை அடைபட்டதும் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கியது. குளமானது.

கதையின் இந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் குளம் வெட்டவில்லை. தண்ணீர் தான் கொண்டுவந்த சிலிக்காவாலேயே தனக்குத் தரை பூசிக்கொண்டது.

சில ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்கள் இறங்கிக் குளிக்கத் தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள ஒருவர் இறங்கிப் பார்த்து, தோல் தேறியதாகச் சொன்னார். 1987இல் பொதுமக்களுக்கான குளியல் வசதி வந்தது. 1992இல் ப்ளூ லகூன் நிறுவனம் தொடங்கியது. 1999இல் குளியலிடம் சற்றுத் தள்ளி இன்றைய இடத்துக்கு மாறியது. இப்போதைய குளத்தின் கரையும் தரையும் திட்டமிட்டு அமைத்தவை. தண்ணீர் மட்டும் அதே வழியில் வருகிறது.

நீலம் எங்கே இருக்கிறது?

சித்தியின் கேள்விக்கு வருவோம். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பார்த்தால் நீலமாக இருக்காது. வெண்மையாக, கொஞ்சம் பால் தெளித்தது போல இருக்கும். சாயமாக இருந்தால் டம்ளரிலும் நீலமாகத்தானே இருக்க வேண்டும்?

சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதில் பாதி தெரியும். சூடான தண்ணீரில் நிறையச் சர்க்கரை கரையும். ஆறினால் அவ்வளவையும் தண்ணீரால் தாங்க முடியாது, மிகுதி வெளியே வரும். கல்கண்டு அப்படித்தான் கட்டுகிறது. சிலிக்காவும் இதேதான். 240 டிகிரி நீர் பாறையிலிருந்து நிறையச் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குளத்துக்கு வரும்போது வெப்பம் 37 முதல் 39 டிகிரி. அவ்வளவு சிலிக்காவை இனி கரைத்து வைத்திருக்க முடியாது. ஆனால் சிலிக்கா கல்கண்டு போலப் பெரிய கட்டியாக வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து நீருக்குள் மிதக்கிறது. பிறகு அவற்றில் ஒரு பகுதி கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுசேர்ந்து அடியில் வெள்ளைச் சேறாகப் படிகிறது. முகத்தில் பூசிக்கொள்வது அந்தச் சிலிக்காவைத்தான்.

நுண்துகள்கள் அடியில் படியாமல் நீருக்குள்ளே மிதந்துகொண்டிருக்கும் கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். பாலும் ஒரு கூழ்மம்தான். இத்தகைய கலவையில் சூரிய ஒளி பட்டால் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் தெறிக்க வைக்கும். இது ஒளிச்சிதறல். வெள்ளை ஒளிக்குள் எல்லா நிறமும் இருக்கின்றன. துகள் மிகச் சிறியதாக இருந்தால் சிவப்பைவிட நீலம் அதிகமாகத் தெறிக்கும். தெறித்த நீலம் நம் கண்ணுக்கு வருகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, கறுப்புத் துணியைப் பின்னால் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். இலேசான நீலம் தெரியும். இருட்டுப் பின்னணியில் சாம்பிராணிப் புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். ப்ளூ லகூனில் துகளும் அதிகம், நீரும் அதிகம், சுற்றிலும் கறுப்புப் பாறை வேறு. அதனால் நீலம் அவ்வளவு அடர்த்தி.

கோடையில் சில சமயம் குளம் பச்சை கலந்து தெரியும். வெயில் அதிகமாகக் கிடைப்பதால் நீரிலுள்ள நுண்பாசி பெருகுவது அதற்குக் காரணம்.

சரி, சுருக்கமாக: சூட்டில் கரைந்த சிலிக்கா ஆறும்போது பிரிகிறது, பிரிந்த துகள்கள் நீலத்தைத் தெறிக்கின்றன. நீலம் தண்ணீருக்குள் கரைந்திருக்கும் பொருள் இல்லை. அது ஒளி செய்யும் வேலை.

அப்போ அது கழிவுநீரா?

மின்நிலையத்திலிருந்து வருகிறது என்றதும் அடுத்த கேள்வி இதுதான். சிலர் முகம் சுளித்துவிடுகிறார்கள். கழிவுநீர் என்றதும் நமக்குச் சாக்கடையும் தோல் தொழிற்சாலைக் கால்வாயும் நினைவுக்கு வருவதால் அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் இங்கே எதையும் எரிக்கவில்லை, எந்த ரசாயனத்தையும் காய்ச்சவில்லை, அணு உலையும் இல்லை. நிலத்தடியிலிருந்து வந்த உப்புநீரிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஒரு வேலை முடித்து அடுத்த வேலைக்கு வந்த தண்ணீர் என்பதே பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன்.

குளத்தில் ஏறக்குறைய 90 லட்சம் லிட்டர் நீர் இருக்கிறது. சுமார் 40 மணி நேரத்தில் அத்தனையும் மாறி, புதுநீர் வந்துவிடுகிறது. குளோரின் போடுவதில்லை. அதனால்தான் இறங்குவதற்கு முன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பதை ஐஸ்லாந்தில் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். நம்மில் பலருக்குப் பொதுக் குளியலறையில் அது கூச்சமாக இருக்கும். ப்ளூ லகூனில் தனித்தனிக் கதவுள்ள குளியலறைகளும் இருக்கின்றன. எப்படியானாலும் அந்தக் குளியலைத் தட்டிக்கழிக்காதீர்கள். மற்றவர்கள் இறங்கும் தண்ணீர் அது.

நோய் தீருமா என்ற கேள்விக்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்கள் சிலருக்கு இந்த நீரில் குளிப்பதும், அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஒளிச் சிகிச்சையும் ஆறுதல் தந்திருக்கின்றன. அதற்கென்று தனிச் சிகிச்சையகமே அங்கே நடந்தது. ஆனால் சொரியாசிஸ் அடியோடு தீரும் நோய் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு இந்தக் குளத்தை நம்பிப் போவது ஆபத்து. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இது வற்றாத ஊற்று என்பதும் தவறு. நிரம்புவதைவிட வேகமாக இழுத்தால் எந்த நிலத்தடி நீரும் இறங்கும் என்பது போர்வெல் போட்ட எவருக்கும் தெரியும். நிலத்தடி அழுத்தம் குறையாமல் இருக்க, ஸ்வார்ட்செங்கியில் பயன்படுத்திய நீரில் ஒரு பகுதியை மறுபடி கிணறு வழியே உள்ளேயே செலுத்துகிறார்கள்.

எரிமலை உண்மையிலேயே வந்தபோது

ரேக்யனெஸ் தீபகற்பம் ஏறக்குறைய 800 ஆண்டுகள் அமைதியாக இருந்தது. 2021இல் அந்த அமைதி முடிந்தது. 2023 நவம்பரில் ஸ்வார்ட்செங்கியைச் சுற்றி ஓயாத நிலநடுக்கம். நவம்பர் 9ஆம் தேதி ப்ளூ லகூனை மூடினார்கள். மறுநாள் பக்கத்து மீன்பிடி ஊரான கிரிண்டாவிக்கின் மக்கள் எல்லோரும், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. சில கிலோமீட்டர் ஆழத்தில் சேர்ந்த மாக்மா பக்கவாட்டில் நகர்ந்து, அருகிலுள்ள ஸுந்த்னுகூர் எரிமலைவாய் வரிசையில் டிசம்பரில் வெளியே வந்தது. அதன்பின் மீண்டும் மீண்டும் வெடித்தது. மின்நிலையத்தையும் குளத்தையும் காக்கச் சுற்றிலும் உயரமான மண்கரை கட்டினார்கள். 2024 நவம்பர் வெடிப்பில் ப்ளூ லகூனின் வாகன நிறுத்துமிடம் லாவாவுக்குள் போய்விட்டது.

என் மனதில் தங்கிய நாள் 2024 பிப்ரவரி 8. அன்று லாவா, ஸ்வார்ட்செங்கியிலிருந்து ஊர்களுக்குப் போகும் வெந்நீர்க் குழாயைக் கடந்து அதை உடைத்தது. உறையும் குளிரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வீடுகளில் சூடு நின்றுபோனது. வேறு குழாய் இணைத்துச் சூடு திரும்பச் சில நாட்கள் ஆயின. படத்தில் நாம் பார்ப்பது ஒரு சொகுசுக் குளியலிடம். அங்கே வாழ்பவர்களுக்கு அதே கிணறுகள்தான் குளிர்காலத்தில் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருப்பவை.

போகிறவர்களுக்கு

கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். புறப்படும் அன்று குளம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். எரிமலை நிலவரம் ஒரே நாளில் மாறலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. மோதிரம், சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தலைமுடி நனைந்தால் சிலிக்கா ஏறி வைக்கோல் மாதிரி விறைத்துவிடும். கேடு ஒன்றும் இல்லை, ஆனால் சரியாகச் சில நாள் பிடிக்கலாம். இறங்கும் முன்பே கண்டிஷனர் தடவி, முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்வது நல்லது.

மனிதர் அமைக்காத வெந்நீரில்தான் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஐஸ்லாந்தில் இடம் உண்டு. ஹ்வேராகெர்டி ஊருக்கு மேலே ரேக்யதாலூர் பள்ளத்தாக்கில் வெதுவெதுப்பான ஓடையே ஓடுகிறது. ஒரு மணி நேரம் போல நடந்து ஏற வேண்டும். ஆனால் வழியில் ஆவி பறக்கும் குழிகளுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அவற்றில் பல கொதிநிலையில் இருப்பவை, சுற்றியுள்ள மண் மெல்லிய ஆடை போல உடையும். பாதையை விட்டு இறங்கவே கூடாது.

ப்ளூ லகூனில் இறங்கினால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். குளத்தின் மறுபக்கத்தில், கறுப்புப் பாறைக்குப் பின்னால், வெள்ளைப் புகை தூணாக எழுவது தெரியும். படம் எடுக்கும்போது பெரும்பாலோர் அது தெரியாதபடி கோணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுப் பையனும் அப்படித்தான் எடுத்திருந்தான். அந்தப் புகை மின்நிலையத்தின் ஆவி. உங்கள் கழுத்துவரை நிற்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.